அக்காவுக்கு ஒதுக்கிய நாற்காலி

கெஸ்லர் ஃபால்ஸ், விஸ்கான்சின்
மார்ச் 14

அன்புள்ள தம்பி ஆர்விட்,

முதலில் உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுது. மற்றதையெல்லாம் நான் டி.வி.யில் பார்த்துக்கொள்கிறேன். இனி அப்படித்தான் போலிருக்கிறது.

அதிபர் உன்னை உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்த செய்தி எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? பள்ளிப் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் பிள்ளைகள் போட்ட கூச்சலில் ரேடியோ பாதிதான் காதில் விழுந்தது. செய்தி வாசித்தவன் நம் குடும்பப் பெயரைக் கடித்துத் துப்பினான். யாரோ ஒரு டோலஃப்சன் என்று நினைத்து அடுத்த நிறுத்தம் வரை ஓட்டிவிட்டேன். அங்கே ஏறிய பெண்தான் "மிஸஸ் ட்ரெவெக், உங்க தம்பியாமே?" என்று கேட்டாள். சொந்த அக்காவிடம் முதல்நாள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

வீட்டுக்கு வந்தால் வாசலில் மூன்று டி.வி. வண்டிகள். பனி உருகும் நேரத்தில் புல்தரையில் வண்டியை ஏற்றலாமா? ஒன்று அச்சு வரை புதைந்துவிட்டது. உன் அத்தான் லெராய்தான் டிரக்கைக் கட்டி இழுத்தார். இழுத்து முடித்ததும் மைக்கை நீட்டி, இந்த நேரத்தில் மனதில் என்ன தோன்றுகிறது என்று கேட்டார்கள். "சேறு ஜாஸ்தி" என்றார். அதை அவர்கள் போடவில்லை.

லெராய்க்கும் சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன். அன்று மாலை நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போனவர் இருட்டிய பிறகுதான் வந்தார். எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கிறது. அம்மா அப்பா இருந்திருந்தால் பெயரைச் சரியாகச் சொல்லும்வரை அந்த ரேடியோ நிலையத்தை விட்டிருக்க மாட்டார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா
வெர்னா


வாஷிங்டன்
மார்ச் 29

அன்புள்ள அக்கா,

முதுகு பரவாயில்லை. இங்கே உட்காருவதைவிட நிற்பதுதான் அதிகம். உன் முழங்கால் எப்படி? பேருந்துப் படி ஏறி இறங்குவது குளிரில் கஷ்டமாயிற்றே.

முன்கூட்டிச் சொல்லாததற்கு மன்னித்துவிடு. என் ஓட்டல் அறைக்குக்கூட வேறு பெயரில்தான் பதிவு செய்திருந்தார்கள். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று கட்டளை. எனக்கு முன்னால் பத்திரிகைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது என்பது வேறு விஷயம்.

இப்போது எனக்கு ஓட்டுப் போடவேண்டிய ஒவ்வொரு செனட்டரையும் அவரவர் அறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மரியாதைச் சந்திப்பாம். சட்டத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒருவர் தான் பிடித்த மீனின் படத்தைக் காட்டினார். இன்னொருவர் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். நான் நாற்காலியில் உட்காருவதற்குள் வெளியே போய், எனக்கு எதிராக ஓட்டுப் போடப்போவதாகப் பேட்டி கொடுத்துவிட்டார். நம் மாநிலத்து பர்மைஸ்டர் மட்டும் "முடிவு எடுக்கலை, எடுக்கலை" என்று என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். அதிபர் ஒரு கட்சி, செனட்டில் பெரும்பான்மை மற்ற கட்சி. பர்மைஸ்டர் போல இரண்டு மூன்று பேர் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்கிறார்கள்.

வெள்ளை மாளிகை என்னைத் திருமதி கிட்ரிட்ஜ் என்ற அம்மாளிடம் ஒப்படைத்திருக்கிறது. மதியமானால் அவருடைய ஆட்கள் செனட்டர்களைப் போல உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக் கத்துவார்கள். நான் பதில் சொல்லப் பழக வேண்டும். பதில் என்றால் பதில் இல்லை. "நீங்க எவ்வளவு கம்மியா பேசறீங்களோ, அவ்வளவு சீக்கிரம் நீதிபதி ஆவீங்க" என்கிறார். இருபது வருடமாகக் கருத்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இப்போது ஒரு கருத்தும் இல்லாதவன் என்று நிரூபித்தால் பதவி உயர்வு.

செனட் குழு என்னை விசாரிக்கும் நாளில் என் வலது தோளுக்குப் பின்னால் உனக்கும் அத்தானுக்கும் இரண்டு நாற்காலிகள் ஒதுக்கியிருக்கிறார்கள். கேமராவில் குடும்பம் தெரிய வேண்டுமாம். நீல நிற உடை நல்லதாம். கட்டம் போட்டது வேண்டாமாம். இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நீ வந்தால் நன்றாக இருக்கும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
ஆர்விட்


கெஸ்லர் ஃபால்ஸ்
ஏப்ரல் 11

அன்புள்ள ஆர்விட்,

உன் கடிதம் வந்தது. என் முழங்கால் என்னைவிட நன்றாக இருக்கிறது.

உன்னால் எனக்கு இந்த வாரம் இரண்டு விருந்தாளிகள். முதலில் வந்தவன் உன்னை ஆதரிக்கிற பக்கத்து ஆள். நீ சிறுவயதில் விதவைகள் யாருக்காவது புல் வெட்டிக் கொடுத்தாயா என்று கேட்டான். நம் வீட்டுப் புல்லையே அப்பா கத்திக் கத்தித்தான் வெட்டவைப்பார் என்றேன். அவன் எழுதிக்கொள்ளவில்லை. போகும்போது, விதவை என்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வயதானவர் யாராவது நினைவுக்கு வந்தால் போன் செய்யச் சொன்னான்.

மறுநாள் வந்தவன் அந்தப் பக்கம். 'நேர்மையான நீதிமன்றத்துக்கான குடிமக்கள்' என்று ஏதோ ஒரு சங்கம். நல்ல காலணி போட்டிருந்தான். நம் ஊர்க் காகித மில்லைப் பற்றிக் கேட்டான். மில் எப்படி மூடியது, எத்தனை பேருக்கு வேலை போனது என்று, இந்த ஊரில் இருக்கும் எனக்கே பாடம் நடத்தினான். "உங்க தம்பி எழுதின தீர்ப்பாலதானே மேடம், நீங்க இந்த வயசுல பஸ் ஓட்டறீங்க?" என்றான். எனக்குப் பேருந்து ஓட்டப் பிடிக்கும் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

அவன் உடனே போகவில்லை. கொட்டகைப் பக்கம் உன் அத்தானோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தான். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். மீன்பிடிப்பைப் பற்றி என்றார் லெராய்.

நீலத்தில் என்னிடம் ஒரு உடை இருக்கிறது. வருவதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். என் இடத்தில் பேருந்து ஓட்ட ஆள் கிடைக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வெர்னா


வாஷிங்டன்
மே 3

அன்புள்ள அக்கா,

மூன்று வாரமாக உன் கடிதம் இல்லை. நீயும் அத்தானும் நலமா?

விசாரணையை இரண்டாவது முறையாகத் தள்ளிவைத்துவிட்டார்கள். முதல் முறை, நான் கொடுத்த காகிதங்கள் போதவில்லை என்றார்கள். ஒரு லாரி காகிதம் கொடுத்தோம். இப்போது காகிதம் அதிகமாகிவிட்டது, படிக்க நேரம் வேண்டும் என்கிறார்கள். குழுத் தலைவர் நேரில் பார்க்கும்போது என் முதுகை விசாரிக்கிறார், டி.வி.யில் நான் நாட்டுக்கு ஆபத்து என்கிறார். சிகாகோவில் என் வழக்குகளை மற்ற நீதிபதிகள் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். இங்கே ஓட்டல் அறையில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடக்கிறேன்.

மில் வழக்கைக் கட்டாயம் கேட்பார்கள் என்கிறார் கிட்ரிட்ஜ். 'உங்கள் தீர்ப்பால்தானே மில் மூடியது?' என்று கேட்டால், 'ஆற்றில் கழிவு விடக் கூடாது என்பது சட்டம். மில்லை மூடியது நிறுவனம் எடுத்த வியாபார முடிவு' என்று நான் சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. தினமும் சொல்லவைக்கிறார். தப்பான வாக்கியம் என்று சொல்லிவிட முடியாது. நன்றாகச் சொல்ல வந்துவிட்டது எனக்கு.

ஒரு வரியாவது எழுது.

ஆர்விட்


வாஷிங்டன்
மே 22

அன்புள்ள அக்கா,

நேற்று மாலைச் செய்திக்கு நடுவே அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். மில் வாசலில், பூட்டிய கேட்டுக்கு முன்னால், அத்தான் நிற்கிறார். "இந்த ஊரை மூடினது என் மச்சினன்" என்கிறார். அவ்வளவுதான். பிறகு என் படம் கருப்பு வெள்ளையில்.

உங்களுக்குத் தெரியுமா இது, என்று கிட்ரிட்ஜ் கேட்டார். தெரியாது என்றேன்.

உனக்குத் தெரியுமா?

ஆர்விட்


கெஸ்லர் ஃபால்ஸ்
ஜூன் 7

ஆர்விட்,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன்.

தெரியும். அவர் போட்டிருந்த சட்டைக்கு இஸ்திரி போட்டது நான்தான்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அவர் வாய், அவர் வேலை, அவர் மில். பேசாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? இருபத்தாறு வருடம் அந்த இரைச்சலில் நின்று அவருக்கு ஒரு காது போய்விட்டது. இப்போது தினமும் ஒன்றேகால் மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் ஜன்னல் செய்யும் இடத்தில், தன்னைவிட வயதில் பாதியாக இருக்கும் மேலாளனிடம் வேலை பார்க்கிறார். ஒரு நாள்கூட உன்னைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உன் பேச்சு வந்தால் எழுந்து நாயோடு போய்விடுவார். அவரை முதன்முதலாக ஒருவன் உட்காரவைத்து, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டான். சொன்னார்.

ஆனால் அவர் சொன்னது அது மட்டும் இல்லை. நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அந்த ஆற்றில் அழுகின முட்டை வாடை அடிக்கும், எங்கள் பிள்ளைகளை அதில் இறங்க விட்டதில்லை என்றார். நிறுவனத்துக்காரர்கள் சுத்திகரிப்புக்கு வைத்திருந்த காசில் தெற்கே புது மில் கட்டினார்கள் என்றார். ஆர்விட் யாரிடமும் ஒரு காபிகூட ஓசியில் வாங்கிக் குடிக்காதவன் என்றார். அத்தனையையும் வெட்டிப் போட்டுவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விளம்பரம் வந்தபோது மீதிக்காகக் காத்திருந்தார். மீதி வரவில்லை. அந்தச் சங்கத்துக்குப் போன் செய்தார். நன்றி சொல்லி ஒரு தொப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அதனால் நான் உன் நாற்காலிக்கு வரவில்லை. அவர்கள் நாற்காலிக்கும் போக மாட்டேன். உங்கள் இரண்டு கூட்டமும் என்னை விட்டால் போதும்.

வெர்னா


கெஸ்லர் ஃபால்ஸ்
ஜூலை 6

அன்புள்ள ஆர்விட்,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கோபம் என்றால் கோபம் என்று எழுது, அதுவும் கடிதம்தான். முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்துக்கு செனட்டர் பர்மைஸ்டர் வந்திருந்தார். அவருக்கு நவம்பரில் தேர்தல். தீயணைப்புப் படை போட்ட கடையில் நான் சாஸேஜ் வறுத்துக்கொண்டிருந்தேன். வரிசையை விட்டு நேராக என்னிடம் வந்தார்.

"வெர்னா, உங்க தம்பி மாதிரி ஒரு நீதிபதி நம்ம மாநிலத்துல பிறந்ததில்லை. மனசாரச் சொல்றேன்."

"அப்போ ஓட்டுப் போடுவீங்க."

"எப்படிப் போடறது? உங்க வீட்டுக்காரரே எதிர்த்துப் பேசறாரு. அந்த விளம்பரத்தை என் அம்மாவே பார்த்துட்டாங்க."

"இப்ப என்கிட்ட சொன்னீங்களே, அதை அந்த மேடையில ஏறிச் சொல்லுங்க."

சிரித்தார். அவர் சட்டையில் கடுகுச் சாஸ் விழுந்ததை நான் சொல்லவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். லெராய் இன்னொரு தடவை டி.வி.யில் வந்து, பழசையெல்லாம் மறந்துவிட்டேன், என் மச்சினன் நல்லவன் என்று சொன்னால் போதுமாம். அதைக் காட்டியே தான் ஆதரித்து ஓட்டுப் போடுவாராம். "எனக்கு ஒதுங்கறதுக்கு ஒரு நிழல் குடுங்க, வெர்னா. அவ்வளவுதான் கேக்கறேன்."

மறுநாளே உன் கிட்ரிட்ஜ் அம்மாள் போன் செய்தார். லெராய் படிப்பதற்கு நாலு வரி எழுதி வைத்திருக்கிறாராம். எனக்குப் படித்தும் காட்டினார். லெராய் ஆயுளில் பேசாத வார்த்தைகள்.

நான் கேட்டால் உன் அத்தான் செய்வார் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எனக்குப் பயம். கேட்கட்டுமா, வேண்டாமா? நீ சொல். நீ சொல்லும்வரை அவரிடம் இதைப் பற்றிப் பேச மாட்டேன்.

வெர்னா


வாஷிங்டன்
ஜூலை 15

அன்புள்ள அக்கா,

கேட்காதே.

அந்த நாலு வரியை எனக்கும் காட்டினார்கள். அத்தான் பெயரைக்கூடத் தப்பாக எழுதியிருந்தார்கள். இது வேண்டாம் என்றேன். கிட்ரிட்ஜ் கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். பர்மைஸ்டர் வந்தால் அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் வருவார்கள், கணக்கு முடிந்துவிடும் என்றார். "ஒரு மனுஷன் நாலு வரி படிக்கணும். அதுக்காக வாழ்நாள் பதவியை விடுவாங்களா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. அவர் என்னை ஜெயிக்கவைக்க வந்தவர்.

எனக்குக் கோபம் உன் மேல் இல்லை. அத்தான் மேலும் இல்லை. எழுத உட்காரும்போதெல்லாம் என் பேனாவில் கிட்ரிட்ஜின் வாக்கியங்கள்தான் வந்தன. நாலைந்து கடிதம் கிழித்துப் போட்டேன்.

செப்டம்பரில் விசாரணை உறுதி என்கிறார்கள். முதுகு ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அத்தானின் இன்னொரு காதையாவது டாக்டரிடம் காட்டு.

ஆர்விட்


வாஷிங்டன்
செப்டம்பர் 19

அன்புள்ள அக்கா,

முடிந்தது. நீங்கள் பார்த்தீர்களா, தெரியவில்லை. பார்க்காதிருந்தாலும் நீ அறிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாள் நான் பேசியதே குறைவு. அவர்கள்தான் பேசினார்கள். அரை மணி நேரம் பேசிவிட்டு, கேள்வி கேட்க நேரம் இல்லையே என்று வருத்தப்பட்டார் ஒருவர். நானும் கிட்ரிட்ஜ் சொல்லிக்கொடுத்தபடி, இது என் முன் வழக்காக வரலாம், இதைப் பற்றிக் கருத்துச் சொல்வது முறையாகாது என்று கிளிப்பிள்ளையாக ஒப்பித்தேன். ஒரு செனட்டர் எனக்குப் பிடித்த சூப் எது என்று கேட்டார். அதற்கும் முறையாகாது என்று வாய்வரை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் பர்மைஸ்டர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்க தீர்ப்பாலதான் கெஸ்லர் ஃபால்ஸ் மில் மூடிச்சா, ஜட்ஜ்?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தால், நான் என்ன சொல்வேன் என்று அவருக்கு முன்னமே தெரியும் போலிருந்தது. அந்த வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்வதற்காகத்தானே ஆறு மாதம் பழகினேன்.

"ஆமாம்" என்றேன்.

அவர் காகிதத்தைப் புரட்டினார். "நிறுவனத்தோட வியாபார முடிவுன்னு சொல்லலையா?"

"நிறுவனத்துக்கு வேற வழி இருந்தது. அதை அவங்க எடுக்கலை. ஆனா என் தீர்ப்பு இல்லேன்னா அந்த வருஷம் மில் மூடியிருக்காது. எழுதும்போதே எனக்குத் தெரியும்."

"இன்னைக்கு அதே வழக்கு வந்தா?"

"அதையேதான் எழுதுவேன். சட்டம் அப்படித்தான் இருக்கு."

பின்னால் கிட்ரிட்ஜ் பேனாவை மூடிய சத்தம் எனக்குக் கேட்டது. உனக்கும் அத்தானுக்கும் ஒதுக்கிய நாற்காலிகளில், எனக்குத் தெரியாத யாரோ இரண்டு பேரை உட்காரவைத்திருந்தார்கள். பெண் நீல உடை போட்டிருந்தாள்.

இங்கே எல்லோரும் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நான் பல மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். நீயும் அத்தானும் நலமாக இருங்கள்.

ஆர்விட்


கெஸ்லர் ஃபால்ஸ்
அக்டோபர் 10

அன்புள்ள தம்பி,

நேற்று ஓட்டெடுப்பைப் பார்த்தோம். இரண்டு ஓட்டில் போய்விட்டது. பர்மைஸ்டர் 'இல்லை' என்று சொல்லும்போது கேமராவைப் பார்க்கவில்லை. ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து, வாழ்க்கையில் தான் எடுத்த மிகக் கடினமான முடிவு என்றாராம். அடுத்த ஆளை இந்த வாரமே சொல்லிவிடுவார்கள் என்கிறது ரேடியோ. ஆற்றைப் பற்றியும் மில்லைப் பற்றியும் ஒரு வரிகூட எழுதியிராதவராகப் பார்க்கிறார்களாம். நீ சிகாகோவுக்குத் திரும்பிவிட்டாயா? சரியாகச் சாப்பிடுகிறாயா?

அந்த மூன்றாம் நாளை நாங்கள் பார்த்தோம். லெராய் ஜன்னல் கம்பெனியில் லீவு போட்டிருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நல்ல காதை டி.வி. பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ 'ஆமாம்' என்றதும், என்ன சொன்னான் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். நாய் வாசலில் நின்று குரைத்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

டி.வி.யை அணைத்துவிட்டுச் சொன்னார். "மில்லை யாரு மூடினாங்கன்னு ஏழு வருஷமாக் கேட்டுட்டிருந்தேன், வெர்னா. கம்பெனிக்காரன் கோர்ட்டுன்னான். கவர்னர் வெளிநாட்டுக் காகிதம்னார். யூனியன் தலைவன் கம்பெனின்னான். இந்த பர்மைஸ்டர் நம்ம ஊருக்கு வந்து, காலம் மாறிப்போச்சுன்னான். நான்தான்னு சொன்ன ஒரே ஆள் இவன்தான்."

மன்னித்தாரா என்று என்னைக் கேட்காதே. அது எனக்குத் தெரியாது. பர்மைஸ்டர் அலுவலகத்துக்குப் போன் செய்து, அந்த விளம்பரத்தில் வெட்டிய மீதியையும் கேட்டுக்கொள்ளச் சொன்னார். போனை எடுத்த பெண் அவர் பெயரையும் முகவரியையும் வாங்கிக்கொண்டு, அவருடைய கருத்தைப் பதிவு செய்துகொண்டதாகச் சொல்லி வைத்துவிட்டாளாம்.

இனி என் பங்கு. இதை மார்ச்சிலேயே எழுதியிருப்பேன். உனக்கு இருக்கும் தொல்லையில் நானும் ஒருத்தியா என்று விட்டுவிட்டேன். தீர்ப்புக்கு முன்னால் நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீ நீதிபதியாக இருக்க லாயக்கில்லாதவன் என்று நானே சொல்லியிருப்பேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தீர்ப்புக்குப் பிறகு நீ வந்திருக்கலாம். வந்து, எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, அவர் கத்துவதைக் கேட்டுக்கொண்டு ஒரு காபி குடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஏழு வருடமாகக் கிறிஸ்துமஸுக்கு ஆரஞ்சுப் பெட்டி அனுப்பினாய். எனக்கு ஆரஞ்சா வேண்டும்?

நீ அந்த நாற்காலியில் உட்காராமல் போனதில் எனக்கு வருத்தம்தான். நேற்று அழுதேன். இன்று காலை பேருந்தில் அந்த ரேடியோக்காரன் உன் பெயரைச் சரியாகச் சொன்னான். இப்போது சொல்லி என்ன பிரயோஜனம்?

முதுகுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று பின்னி வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன். கீழே உன் அத்தான் ஏதோ எழுத வேண்டும் என்று பேனாவைக் கேட்கிறார்.

உன் அக்கா
வெர்னா

ஆர்விட்,

நீ எழுதின தீர்ப்பு தப்பு. கம்பெனிக்கு இன்னும் ரெண்டு வருஷம் டைம் குடுத்திருக்கணும். ஏன்னு கடுதாசில எழுத முடியாது. நிறைய இருக்கு. வெள்ளிக்கிழமை வா, மீன் வறுக்கிறோம். இடது பக்கம் உக்காரு, அந்தக் காதுதான் கேக்கும்.

லெராய்